கனாரா ஓடை, ஏணி, அருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகஸ் பக்கம் குடியிருப்பவன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கேயோ ஒரு படம் பார்த்துவிட்டு வருகிறார்கள்: சிவந்த பாறைச் சுவர் இரண்டு, நடுவில் வெள்ளையாக விழும் தண்ணீர், அதன் மேல் சாய்த்து வைத்த ஏணி. "நீங்க அங்க போயிருக்கீங்களாமே?" என்று ஆரம்பித்துக் கேட்பதும் அதே சந்தேகங்கள்தான். நான்கு முறை போயிருக்கிறேன், அதில் ஒரு முறை பாதியிலேயே திரும்பினேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த ஏணி வச்ச அருவி எங்கே இருக்கு? ஸயன் பார்க்குக்குள்ளயா?

இல்லை. யூட்டா மாநிலத்தின் தென்மேற்கில், அயர்ன் கவுண்டியில், கனாராவில் என்ற சின்ன ஊருக்குப் பின்னால் இருக்கிறது. ஊரின் பெயர் ஒரு பையூட் பழங்குடித் தலைவரின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் வேற்றுமை உருபு போட்ட சொல் மாதிரித் தெரியும். "கனாராவில் எங்கே தங்கலாம்?" என்று ஒருவர் கேட்டபோது அது ஊர்ப்பெயரா உருபா என்று நானே ஒரு கணம் யோசித்தேன்.

ஸயன் தேசியப் பூங்காவின் கோலோப் கேன்யன்ஸ் பகுதி பக்கத்தில்தான், ஐ-15 நெடுஞ்சாலையில் சில மைல் தெற்கே. ஆனால் கனாரா ஓடை பூங்காவுக்கு வெளியே இருப்பதால், பூங்காவின் ஆண்டுப் பாஸ் இங்கே செல்லாது. வடக்கே சீடர் சிட்டி 15 நிமிடம். ஸயனின் பிரதான வாசலான ஸ்பிரிங்டேலிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்.

ஸ்லாட் கேன்யன்னா என்ன? சாதாரணப் பள்ளத்தாக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அகலத்தைவிட ஆழம் பல மடங்கு அதிகமாக இருக்கும் பள்ளத்தாக்கு, ஒரு பாறை இடுக்கு. இந்த அருவிக்குப் போகும் வழி அப்படி ஒரு இடுக்குதான். மணற்பாறையில் ஏற்கனவே இருக்கும் விரிசலில் தண்ணீர் புகுந்து, மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு போய், அந்த விரிசலை மேலும் மேலும் அறுக்கிறது. அக்கம்பக்கம் வறண்ட பூமி என்பதால் சுவர்கள் கரைந்து சரிவதற்குள் அடி ஆழமாகிவிடுகிறது. அதனால்தான் சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற மாதிரி இருக்கும்.

இந்த அறுப்பு வேலையில் பெரும்பங்கு தினமும் ஓடும் தண்ணீருடையது அல்ல. ஆண்டுக்குச் சில முறை வரும் வெள்ளத்துடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வெள்ளம் பற்றிய கேள்விகளில் தேவைப்படும்.

எவ்வளவு தூரம் நடக்கணும்?

வழியில் இரண்டு அருவிகள். இரண்டாவது அருவிவரை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 மைல். ஊர்ப் பூங்காவில் 4 மைல் நடக்கிறவர்கள் ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். இங்கே மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி நடை தண்ணீருக்குள், உருளும் கல்லின் மேல்.

முதல் பகுதி நிழலே இல்லாத ஜல்லிச் சாலை. ஊருக்குத் தண்ணீர் தரும் தொட்டியைத் தாண்டி மேலே ஏறும். "ஓடைன்னு சொன்னீங்க, மலை ஏறச் சொல்றீங்களே" என்று எல்லாரும் அங்கேதான் புலம்புவார்கள். அப்புறம் பாதை ஓடைக்கு இறங்கி, இந்தக் கரை அந்தக் கரை என்று தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் ஓடையே பாதையாகிவிடும். ஊரே சுமார் 5,500 அடி உயரத்தில் இருப்பதால், கடல் மட்டத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு அந்த முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அவசரம் வேண்டாம்.

பர்மிட் கண்டிப்பா வேணுமா? அங்கே போய் வாங்கிக்கலாமா?

கண்டிப்பாக வேண்டும். ஊராட்சியே வழங்குகிறது. ஒரு நாளைக்கு 150 பேர்தான். அதனால் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கோடை வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் போனபோது தலைக்கு 12 டாலர். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை, ஊரின் அதிகாரபூர்வ தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றலாமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு படிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

ஒரு ஓடையைப் பார்க்க எதற்குக் காசு என்று கேட்பவர்களுக்கு: சில நூறு பேர் வாழும் ஊர் அது. படங்கள் பரவிய பிறகு கூட்டம் கூட்டமாகப் பயணிகள் வந்து இறங்கினார்கள். வாகன நிறுத்தம், கழிப்பறை, ஏணி எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் தலையில். அதோடு, அந்த ஓடைதான் அவர்களுடைய குடிநீர்.

வேகஸ்ல காலையில 6 மணிக்குக் கிளம்பினா 8:30க்குப் போயிடலாமா?

கடிகாரம் 9:30 காட்டும். ஓட்டும் நேரம் சுமார் இரண்டரை மணிதான், ஆனால் நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும். நடுவில் அரிசோனாவின் மூலை ஒன்றும் வருவதால் கைபேசி கொஞ்ச நேரம் தன் இஷ்டத்துக்கு நேரம் காட்டும், நம்பாதீர்கள். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கைக்கு வந்துவிடும்.

வழி சுலபம். ஐ-15இல் வடக்கே வந்து 42ஆம் எக்ஸிட்டில் இறங்கி, பழைய நெடுஞ்சாலை 91இல் ஊருக்குள் வரலாம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு 51ஆம் எக்ஸிட். ஊருக்குள் வந்தபின் மலையைப் பார்த்துக் கிழக்கே திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அருவி எவ்வளவு உயரம்? குற்றாலம் மாதிரி இருக்குமா?

இருக்காது. முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. பதினைந்து, இருபது அடி என்ற கணக்கில்தான் இரண்டும். குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி. என் மாமனார் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் போனீங்க?" என்றார்.

ஆனால் அந்த இடத்தின் விசேஷம் அருவி அல்ல. அருவிக்குப் போகும் கடைசிக் கால் மணி நேரம். வெயிலிலிருந்து ஒரு வளைவு திரும்புகிறீர்கள், சட்டென்று குளிர். பேச்சு எதிரொலிக்கிறது. தலைக்கு மேலே வானம் ஒரு நாடா அளவுக்குத் தெரிகிறது. மேல் சுவரில் பட்ட வெயில் எதிர்ச் சுவரில் தெறித்து, அங்கிருந்து இங்கே தெறித்து, கீழே வரும்போது கிட்டத்தட்ட காவி நிறமாகி இறங்குகிறது. கணுக்காலில் தண்ணீர். இன்னும் கண்ணுக்குத் தெரியாத அருவியின் சத்தம் முன்னாலிருந்து வருகிறது. இதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஷூ நனையாம கல்லு மேல கல்லா தாண்டிப் போயிட முடியாதா?

முதல் இரண்டு மூன்று இடங்களில் முடியும். முயன்று பார்த்து வழுக்கி உட்காருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஈரக் கல்லின் மேல் நிற்பதைவிடத் தண்ணீருக்குள் அடிமணலில் காலை வைப்பது பத்திரம். முதல் தாண்டலிலேயே தைரியமாகக் காலை நனைத்துவிடுங்கள். இடுக்குக்குள் போனபின் கரையே கிடையாது. பெரும்பாலும் கணுக்கால் அளவு, சில இடங்களில் முழங்கால். பனி உருகும் காலத்தில் அதற்கும் மேல்.

கிராக்ஸ் போதுமா? செருப்பு?

போதாது. குதிகாலைப் பிடிக்காத எதுவும் வேண்டாம். ஒருவருடைய செருப்பு ஒற்றை மட்டும் மிதந்து எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலேயே அவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் தெளிவாக இருக்கும்போது அடியில் இருப்பதைப் பாருங்கள்: முஷ்டி அளவு கற்கள், ஒவ்வொன்றும் காலை வைத்ததும் உருளக் காத்திருக்கிறது. விரல்நுனி மூடிய, கணுக்காலைக் கொஞ்சம் தாங்கும், அடிப்பாகம் கெட்டியான ஷூ வேண்டும்.

பழைய ஓட்ட ஷூ பரவாயில்லை, ஆனால் எவ்வளவு பழையது என்று பாருங்கள். முதல் முறை நான் எட்டு வருடம் அலமாரியில் தூங்கிய ஒன்றைத் "தண்ணிக்குத்தானே" என்று மாட்டிக்கொண்டு போனேன். பசை காய்ந்து போயிருந்தது. ஏணிக்குக் கொஞ்சம் முன்னால் வலது கால் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து, ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து ஒரு கரண்டி மணலை அள்ளியது. மனைவியின் தலைமுடிக் கட்டும் ரப்பர் இரண்டைப் போட்டுத்தான் கீழே வந்தேன். ஸ்பிரிங்டேல் கடைகளில் ஓடை நடைக்கென்றே ஷூ, நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்த சாக்ஸ், கைத்தடி மூன்றையும் வாடகைக்குத் தருகிறார்கள். அந்தத் தடி ரொம்ப உதவும். தண்ணீரில் மூன்றாவது கால் அது.

ஜூலையில 100 டிகிரி வெயில். தண்ணி அவ்வளவு சில்லுன்னா இருக்கும்?

இருக்கும். மலைமேல் உருகும் பனியும் ஊற்றும் சேர்ந்த தண்ணீர், வெயில் படாத இடுக்கு வழியே வருகிறது. கோடையிலும் 50 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றுவட்டாரத்தில்தான். முதல் ஐந்து நிமிடம் கால் எரிகிற மாதிரி வலிக்கும், அப்புறம் மரத்துவிடும். மரத்துப்போவதைப் பழகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் கால் எங்கே படுகிறது என்ற உணர்வு போய் சுளுக்கிக்கொள்கிறோம். நியோப்ரீன் சாக்ஸ் அதற்குத்தான்.

காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுக்கும். அதனால் பருத்தி ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, கனக்கும். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் நல்லது. ஒரு மெல்லிய குளிர்ச்சட்டையை நீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். காரில் மாற்று உடை, துண்டு. உதடு நீலமாகி நடுங்கி, பேச்சுக் குழறுகிறவரைப் பார்த்தால் கிண்டல் செய்யாமல் உடனே வெயிலுக்குக் கூட்டிவாருங்கள்.

எந்த மாசம் நல்லது?

என் விருப்பம் ஜூன், அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை. ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகித் தண்ணீர் வேகமாகவும் உறைய வைப்பதாகவும் இருக்கும். குளிர்காலத்தில் சுவரெல்லாம் பனிக்கட்டித் தோரணம் தொங்கும், ஏணிப்படியிலும் கட்டியாக உறையும். அது பழகியவர்களுக்கு மட்டும்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பருவமழைக் காலம். விடுமுறை அப்போதுதான் கிடைக்கும் என்பதால் எல்லாரும் அப்போதுதான் வருகிறார்கள். அதனால் அடுத்த மூன்று பதில்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

பளிச்சுன்னு வெயில் அடிக்குது. வெள்ளம் எங்கிருந்து வரும்?

நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்த மழையால் அல்ல, நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் பெய்த மழையால். கிழக்கே உயரும் மேட்டுநிலத்தில் விழும் தண்ணீர் எல்லாம் புனலில் ஊற்றிய மாதிரி இந்த இடுக்குக்கு வந்துதான் ஆக வேண்டும். நம் ஊர் வயல் மாதிரி மண் குடித்துக்கொள்ளாது. பாதி வெறும் பாறை, மீதி வெயிலில் இறுகிய தரை. கோடையில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறி, மதியத்துக்கு மேல் மலைமீது இடிமேகம் கட்டி, அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும். ஊரில் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் லோயர் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். மழை பல மைல் தள்ளிப் பெய்தது. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயனின் கீஹோல் கேன்யனில் இருந்த 7 பேரையும் வெள்ளம் கொண்டுபோனது. நமக்கும் இது புதிதல்ல. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த தண்ணீர் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றதே, மலையில் பெய்த மழைதான் அதுவும். ஒரே வித்தியாசம்: குற்றாலத்தில் ஓரமாக ஓடிவிட ஏதோ ஒரு பக்கம் இருக்கும். இடுக்கில் பக்கம் என்பதே இல்லை.

மழை 20 சதவீதம்தான்னு போன்ல காட்டுது. போகலாம்ல?

அந்த 20 சதவீதம் எந்த இடத்துக்கு என்று பாருங்கள். ஊர்ப்பெயரைத் தட்டினால் ஊருக்குத்தான் காட்டும், ஓடைக்குத் தண்ணீர் தரும் மேட்டுக்கு அல்ல. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடத்தைத் தொட்டு, ஓடையின் கிழக்கே மேலே இருக்கும் புள்ளிக்கு முன்னறிவிப்பு எடுக்கலாம். அதே சேவை, தென் யூட்டாவின் பூங்காக்களுக்குத் தினமும் திடீர்வெள்ள அபாய நிலையை நான்கு படிகளில் வெளியிடுகிறது. கனாராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸயனுக்கான நிலையை நான் பார்ப்பேன். அடிமட்டப் படியைத் தவிர வேறு எது இருந்தாலும் என் குடும்பத்தை உள்ளே கூட்டிப்போக மாட்டேன். இது என் கட்டுப்பாடு. உங்களுடையது கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், ஆனால் ஒன்று இருக்கட்டும். அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பருவமழை மாதங்களில் விடிந்ததும் நடக்கத் தொடங்கி, மதியத்துக்கு முன் இடுக்கைவிட்டு வெளியே வந்துவிடுவது இங்கே எல்லாரும் சொல்லும் வழி. அது அபாயத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

உள்ளே இருக்கும்போது வெள்ளம் வர்றது எப்படித் தெரியும்?

கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் செம்மண் கலங்கலாகும். சுள்ளி, இலை, நுரை மிதந்து வரும். கொஞ்ச நேரம் முன்பு வெளியே தெரிந்த கல் மூழ்கியிருக்கும். சில சமயம் ரயில் வருகிற மாதிரி ஒரு இரைச்சலும் அதற்கு முன்னால் காற்றும் வரும். சில சமயம் எந்த அறிகுறியும் இருக்காது.

கண்டவுடன் மேலே ஏறுங்கள். கீழ்நோக்கி ஓடி வாசலைப் பிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், தண்ணீர் உங்களைவிட வேகம். பையைப் போட்டுவிடுங்கள். சில அடி உயரமான திட்டு கிடைத்தாலும் அங்கேயே நின்று, தண்ணீர் இறங்கும்வரை மணிக்கணக்கானாலும் காத்திருங்கள். நடந்துபோகும்போதே "இப்போது வந்தால் எங்கே ஏறுவேன்?" என்று கண்ணால் குறித்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். ஏற இடமே இல்லாத நீளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

ஏணி பயமா இருக்குமா?

உயரம் பயம் தராது, தண்ணீர்தான் தரும். முன்பு மரத்தண்டில் இரும்புப் படி பொருத்திய ஏணி இருந்தது. இப்போது உலோக ஏணி. அருவியை ஒட்டியே ஏறுவதால் முகத்தில் சாரல் அடிக்கும், படி ஈரமாக இருக்கும், உங்கள் கைவிரல் ஏற்கனவே விறைத்திருக்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைபேசி, கைத்தடி எல்லாம் பைக்குள்ளோ மேலே இருப்பவர் கையிலோ. இறங்கும்போது ஏணியைப் பார்த்துத் திரும்பி இறங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர். இறங்குகிறவர்கள் முடிக்கும்வரை பொறுங்கள். பத்துப் பேர் ஏணிக்குக் கீழே குளிரில் நின்றுகொண்டிருக்க, நடுப்படியில் நின்று படத்துக்குப் புன்னகைக்கிறவர் நம் ஆளாக இருக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்வதுண்டு. எப்போதும் வேண்டுதல் பலிப்பதில்லை. ஏணி சேதமாகியிருந்தால் அல்லது வெள்ளத்தில் போயிருந்தால் முதல் அருவியோடு திரும்புங்கள். நடந்துவந்த இடுக்கு எங்கும் போய்விடவில்லை.

சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

எட்டு, ஒன்பது வயது, நடைப்பழக்கம் உள்ள பிள்ளை என்றால் ஜூன் அல்லது அக்டோபரில் சந்தோஷமாக வரும். அதற்குக் கீழே என்றால் உங்கள் முழங்கால் ஆழம் அதன் இடுப்பு என்பதை நினையுங்கள். நாம் சமாளிக்கும் குளிரில் குழந்தை அரை மணியில் நடுங்கிவிடும். கைக்குழந்தையை முதுகில் கட்டி ஏணி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை. வழுக்கினால் விழுவது நீங்கள் மட்டுமல்ல.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் முட்டிவலி. மெதுவா கூட்டிட்டுப் போனா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் வளைந்து கொடுப்பதில்லை. உருளும் கல்லில் நான்கு மணி நேரம் என்பது நல்ல முட்டிக்கே கஷ்டம். அப்பாக்கள் பெருமைக்காக வருவார்கள், அம்மாக்கள் நம் முகத்துக்காக வருவார்கள், பாதியில் இருவராலும் முடியாது என்றால் தூக்கி வர வழியில்லை.

அவர்களுக்கு அதே சிவந்த பாறையைக் காட்ட வேறு வழிகள் உண்டு. ஐ-15இல் 40ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் கோலோப் கேன்யன்ஸ் சாலை. 5 மைல், காரிலேயே மேலே போய் விரல்விரலாக நிற்கும் மலைகளைப் பார்க்கலாம். ஸயனுக்குள் ரிவர்சைட் வாக் போய்வர 2.2 மைல், தளம் போட்ட பாதை, ஆற்றோரமாகவே போகும். அது முடிகிற இடத்தில் ஆற்றில் காலை நனைத்து உட்கார வையுங்கள். என் அம்மா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நாயைக் கூட்டிட்டுப் போகலாமா?

கூடாது. குடிநீர் ஓடை.

பாத்ரூம், தண்ணி, சாப்பாடு?

கழிப்பறை வாகன நிறுத்தத்தில் மட்டும். உள்ளே கிடையாது, ஓடைக்கரையில் ஒதுங்குவதும் கூடாது. காரணம் மேலே நாய்க்குச் சொன்னதுதான். ஊருக்குக் குடிநீர் என்றாலும் நீங்கள் அப்படியே அள்ளிக் குடிக்கக்கூடாது. ஜியார்டியா போன்ற கிருமிகள் வயிற்றைக் கெடுத்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு உதிராத, கையில் பிசுபிசுக்காத ஏதாவது. சப்பாத்தி ரோல் நன்றாக வேலை செய்கிறது. புளிசாதம் காரில் இருக்கட்டும், இறங்கி வந்த பசிக்கு அதைவிட ஒன்றுமில்லை. சிந்தும் பருக்கை, வாழைப்பழத் தோல் உட்பட எல்லாம் திரும்ப வர வேண்டும்.

அருவியில குளிக்கலாமா?

தலையைக் காட்டலாம், தாங்கினால். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. சன்ஸ்கிரீனைக்கூட கிளம்பும் முன் பூசி உடம்பில் ஊற விட்டுவிடுங்கள். அருவிக்கு நேர் கீழே நிற்கும்போது மேலிருந்து கல்லோ கட்டையோ வரலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

அந்தப் படத்துல வர்ற மாதிரி ஆரஞ்சு கலர் எப்போ கிடைக்கும்?

வெயில் மேல்சுவரில் பட்டு, அருவிமேல் நேராகப் படாத நேரத்தில். முற்பகலின் பின்பாதியில் பார்த்திருக்கிறேன். மேகம் மூடினால் எல்லாம் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும், அந்த நாளில் நீங்கள் உள்ளே இருக்கவும் கூடாது. தண்ணீர் பட்டுத்துணி மாதிரி விழ வேண்டும் என்றால் கால் நொடியிலிருந்து ஒரு நொடிவரை ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். சின்ன முக்காலி தேவை. கைபேசியிலும் லாங் எக்ஸ்போஷர் வசதி இருக்கிறது. லென்ஸில் சாரல் படிந்துகொண்டே இருக்கும், துடைக்கக் காய்ந்த துணி ஒன்றைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இல்லாத படம் வேண்டுமென்றால் வார நாளில் முதல் ஆளாகப் போக வேண்டும்.

பர்மிட் கிடைக்கலை. வேற என்ன இருக்கு?

ஸயனின் நேரோஸ். வர்ஜின் ஆற்றில், மேலே சொன்ன ரிவர்சைட் வாக் முடிகிற இடத்திலிருந்து தண்ணீரில் நடந்து பிக் ஸ்பிரிங் என்ற இடம்வரை போகலாம், அதற்குத் தனிப் பர்மிட் தேவையில்லை, பூங்கா நுழைவுக்கட்டணம் போதும். சுவர்கள் ஆயிரம் அடிக்கு மேல் எழும்பும், கனாராவைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் ஏணியும் அருவியும் அல்ல அதன் கவர்ச்சி. ஆற்றில் நொடிக்கு 150 கன அடிக்கு மேல் ஓடினால் மூடிவிடுவார்கள். வெள்ளம் பற்றிச் சொன்னது அத்தனையும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

உயரமான அருவிதான் வேண்டும் என்றால் கிழக்கே எஸ்கலான்டே பக்கம் லோயர் காஃப் கிரீக் அருவி, 126 அடி. போய்வர 6 மைல் மணல்பாதை. இடுக்கு இல்லை, ஆனால் குற்றாலத்துக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

ரெண்டாவது அருவிக்கு மேலயும் போகலாமாமே?

பழகிய மலையேறிகள் போகிறார்கள். பெரும்பாலோர் இரண்டாவதோடு திரும்பிவிடுகிறார்கள், நானும்தான். யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கினால் அதில் உங்கள் எடையைப் போடாதீர்கள். தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்த கயிறு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஏறுவது எளிது, அதே ஈரப்பாறையில் இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

உள்ளே கால் ஒடிஞ்சா யாரைக் கூப்பிடறது?

911. ஆனால் இடுக்குக்குள் சிக்னல் இல்லை. புதிய கைபேசிகளில் இருக்கும் செயற்கைக்கோள் அவசர அழைப்புக்கும் திறந்த வானம் வேண்டும், அங்கே வானம் நாடா அளவுதான் என்று முன்பே சொன்னேன். ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இன்னொருவர் வெளியே நடந்துபோய்த்தான் அழைக்க வேண்டும். அதனால் இருவராகப் போவதைவிட மூவராகப் போவது நல்லது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தூக்கி வர வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு அவர்களும் அதே ஏணியில் இறங்க வேண்டும்.

பாதி தூரம் போயாச்சு, மேல லேசா மேகம். பர்மிட் காசு, ஹோட்டல் காசு எல்லாம் போட்டாச்சு. திரும்பித்தான் ஆகணுமா?

நான் பாதியில் திரும்பிய அந்த ஒரு முறை இதுதான் நடந்தது. ஆகஸ்ட் மாதம், வார நாள். கலிஃபோர்னியாவிலிருந்து மைத்துனர் குடும்பம் எட்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்திருந்தது. காலை அறிக்கையில் ஒன்றுமில்லை. இடுக்கின் வாசலுக்கு ஒரு வளைவு முன்னால், கிழக்கே மேட்டுக்குப் பின்னாலிருந்து காலிஃபிளவர் மாதிரி ஒரு வெள்ளை மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது அதன் அடி கறுத்திருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. நான் திரும்பலாம் என்றேன். "இவ்வளவு பேர் உள்ளே போறாங்களே மாப்பிள்ளை" என்றார் மைத்துனர். போனார்கள்தான். அவர் பிள்ளைகள் இருவரும் அழுதார்கள்.

கீழே வந்து, காரின் பின்கதவைத் திறந்து போட்டுப் புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சாப்பிட்டோம். ஒரு மணி நேரத்தில் மேகம் வடக்கே நகர்ந்து கலைந்துவிட்டது. அன்று அங்கே ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. உள்ளே போனவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே நனைந்த ஷூவோடு எங்கள் காரைத் தாண்டிப் போனார்கள். மைத்துனர் இன்றுவரை எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். அடுத்த ஜூனில் மறுபடி வருகிறார்கள், பர்மிட் வாங்கியாகிவிட்டது.